தும்மலில் செத்தவளுக்கு ஒரு நகல்

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. என் மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன், இன்று மதியம் என் மேஜையில் ஒரு பென் டிரைவை வைத்தான். "மாமா, இதுக்கு ஒரு முடிவு எழுதிக் கொடுங்க. எழுதினபடியே செஞ்சுடறேன்" என்றான். இருபது வருஷமாக வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறேன். இதுவரை என் பேச்சைக் கேட்டு யாரும் நடந்ததில்லை. அந்த ஆசையில் ஒப்புக்கொண்டேன்.

முதல் வரி இது:

'குகையின் இருளில் அவள் விளக்கை உயர்த்தியபோது, எங்கிருந்தோ ஒரு...'

வேண்டாம். அவள் வீடியோ கேமில் வரும் ஒரு பொம்மை என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் உங்களுக்கு மரியாதை.

2

மச்சினன் மனைவி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். வீட்டுக்கு வந்ததும் அந்த விளையாட்டுதான். ஒரு குள்ளப் பெண் விளக்கோடு சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டே போக வேண்டும். செத்தால் செத்ததுதான். சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும், வேறொருத்தியை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இவள் வைத்த பெயர் குட்டச்சி. எட்டு மாதம் உயிரோடு இருந்தாள்.

(இதில் என்ன சுகம் என்று ஒருமுறை கேட்டேன். "வேலையில தப்பு செஞ்சா கிரேன் தானா நின்னுடும் அண்ணா. அலாரம் அடிக்கும், சூப்பர்வைசர் கத்துவார். இங்க என்னைத் தடுக்க ஆளே இல்ல. பயந்து பயந்துதான் அடுத்த அடி வைக்கறேன். ஆனா அந்த அடி என்னோடது." தலையாட்டினேன். புரிந்துதான் ஆட்டினேனா? தெரியவில்லை.)

நேற்று குட்டச்சி ஏணியில் இறங்கும்போது இவள் தும்மிவிட்டாள். விரல் நழுவியது. கதை முடிந்தது.

[தும்மலில் ஒரு சாவு என்றால் என் ஆசிரியர் ஏற்க மாட்டார். ஏணியை அறுத்துவிட்ட ஒரு துரோகியைச் சேர்க்கலாமா? வேண்டாம், நடந்ததே இருக்கட்டும்.]

3

மச்சினன் அவளுக்குத் தெரியாமல் வாரா வாரம் குட்டச்சியை நகலெடுத்து வைத்திருக்கிறான். பென் டிரைவில் இருப்பது அதுதான். போட்டால் எழுந்து நடப்பாள்.

"குடுத்துடேன்டா" என்றாள் என் மனைவி. "உங்க மாமா கதையில மூணு தடவை செத்தவ நாலாவது வாரம் வந்து காபி கேக்கறா. யாராவது ஏன்னு கேட்டாங்களா?"

"வாசகிங்கதான் அவ திரும்ப வரணும்னு கேட்டாங்க" என்றேன்.

"நான் உங்களைக் கேக்கல."

முடிவு ஒன்று: கொடுக்கிறான். குட்டச்சி எழுகிறாள். கணவனும் மனைவியும் ஆனந்தக் கண்ணீரில்...

மச்சினன் என் கையைப் பிடித்தான். "பிரச்சினை அது இல்ல மாமா. அவ விளையாடறப்ப நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அவ நாற்காலி நுனிக்கு வந்துடுவா, நான் அசையாம இருப்பேன். நேத்து அழுதுகிட்டே சொல்றா, 'அவ செத்ததுகூட பரவாயில்லங்க. எனக்கு உசிரே போயிட்டிருந்தப்ப எல்லாம் நீங்க கல்லு மாதிரி இருந்தீங்களே, என் மேல அவ்ளோ நம்பிக்கையா'ன்னு."

"அடப்பாவி" என்றாள் அவன் அக்கா.

"நகல் இருந்ததால பயப்படலையா, நெசமாவே அவளை நம்பினேனான்னு எனக்கே தெரியலக்கா."

4

முடிவு இரண்டு: பென் டிரைவை உடைத்துவிடுகிறான். அவளுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அடுத்த பொம்மை இறங்கும்போது இவன் நகல் எடுத்து வைப்பதில்லை. இவனும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். அவள் திரும்பிப் பார்த்து, இத்தனை நாள் ஏன்...

முடிவு மூன்று: சொல்லிவிடுகிறான். அப்படியானால் எட்டு மாதம் அவள் தனியாகப் பயந்திருக்கிறாள். குட்டச்சி சாகவே முடியாதவளாக இருந்திருக்கிறாள். அப்புறம் அவள் வைத்த அடிகள் யாருடையவை?

இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். உடைப்பதா, சொல்வதா, எது நல்லது என்று நிரூபிக்கப் பார்த்தேன். வரிக்கு வரி மாறிக்கொண்டே இருந்தது.

5

இப்போது அவளே வந்திருக்கிறாள், வேலையிலிருந்து நேராக. முகம் தெளிந்திருக்கிறது.

"அண்ணா, இவரைக் கூட்டிட்டுப் போறேன். புதுசா ஒருத்தியை ஆரம்பிக்கணும். இவர் பக்கத்துல இல்லேன்னா எனக்குக் கையே ஓடாது."

வாசலில் குனிந்து ஷூ மாட்டுகிறாள். மச்சினன் எழுந்துவிட்டான். பென் டிரைவை அவன் எடுக்கவில்லை. என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் எழுதியதை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். அவன் வாய் திறந்தால் அதை யார் அடிப்பது?

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அவன் அவளிடம் சொல்லட்டுமா, வேண்டாமா? சீக்கிரம். ஒரு ஷூவுக்கு நாடா கட்டி முடித்துவிட்டாள்.