காலி பீரோ

தேரடித் தெருவில் கல்யாணமான எல்லார் வீட்டு பீரோவிலும் ஓர் ஆள் இருப்பார். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து கதவைத் திறப்பார். ஆள் குதித்து ஓடுவார், வீட்டுக்காரர் குடையோடு விரட்டுவார். தெருவை மூன்று சுற்று. நடுவே ஒருவராவது வாழைப்பழத் தோலில் வழுக்கி விழ வேண்டும். பிறகு மனைவி காபி போடுவாள். எதிர்வீட்டு வரதப்பன் வீட்டில் இது ஒரு நாளும் தவறியதில்லை.

சிகாமணி வீட்டு பீரோவில் மட்டும் புடவைகளும் அந்துருண்டையும்தான் இருந்தன. ஆறு வருஷமாக தினமும் பேருக்குத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். மற்ற வீட்டுப் பெண்களோடு வாசலில் நிற்பதையே அவர் மனைவி கோமளா விட்டுவிட்டாள்.

"என்மேல சந்தேகப்படக்கூட உங்களுக்கு மனசு வரல," என்றாள் ஒருநாள். "வெள்ளிக்கிழமை எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

அவள் இல்லாத வீட்டில் சிகாமணியால் ஒரு வேளை சாப்பிட முடியாது. வியாழக்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு சொன்னார். கோமளா கொல்லையில் துணி காயப்போடும் நேரம் பார்த்து, பீரோவுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும், அவ்வளவுதானே.

ஐந்தரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவருடைய செருப்பு. அப்புறம் அவருடைய இருமல். கதவு திறந்தது. வெளியே சிகாமணி குடையோடு நின்றார்.

"யார்ரா நீ?"

உள்ளே இருந்த சிகாமணி குதித்து ஓடினார். இரண்டாவது சுற்றில் அவரேதான் வழுக்கி விழுந்தார். நிமிர்ந்து பார்த்தால், வாசலில் கோமளா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். குடை வைத்திருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிகாமணிக்கு முதல் தடவையாக வயிறு எரிந்தது.

மூன்றாவது சுற்றில் எதிர்வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த பீரோவில் ஒளிந்தார். உள்ளே இருந்த வரதப்பன் ஒதுங்கி இடம் கொடுத்தார்.

"நான் வீட்டுக்கு வர்ற நேரம்தான்," என்றார் வரதப்பன். "சம்சாரம் சிரிச்சாங்களா?"

"சிரிச்சா."

"அப்ப இனிமே போகமாட்டாங்க."

கோமளா போடும் காபியின் வாசனை தெருவைத் தாண்டி வந்தது. வாசலில் வரதப்பனின் செருப்புச் சத்தம் கேட்டது. பீரோவுக்குள் வரதப்பன் சிகாமணியின் முட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"வீங்கியிருக்கு. இன்னிக்கு நான் விழுந்துக்கறேன்," என்றார்.