பென்சில் கோடு வரைக்கும்

அந்த ஜாயின்டர் ஒரு சூட்கேஸ் அளவுதான் இருக்கும். போடும் சத்தமோ ஊரைக் கூட்டும். பலகையின் ஓரத்தை இழைத்து நேராக்குவது ஒன்றுதான் அதன் வேலை. அந்த ஒன்றைச் செய்ய வைப்பதற்குள் மனுஷனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். எந்தச் சந்திலும் கண்ணாடி உரசாமல் பஸ்ஸை நுழைத்தவர் டிரைவர். ஓய்வு பெற்றதும் அடுப்படிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைப் பட்டறையாக்கிக்கொண்டு, மூன்றடிப் பலகையை நேராகத் தள்ளத் தெரியாமல் விழித்தார்.

கண் வேலையெல்லாம் மனைவியுடையது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டுத் தைத்தவள் அவள். அடுப்படி ஜன்னலைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். இவர் இழைத்த இரண்டு பலகைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓரம் பொருத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் "கசியுது" என்பாள். தெரியாவிட்டால் "சேந்துருச்சு." அவ்வளவுதான், பசை தடவ வேண்டியதுதான். அதற்குமேல் இவர் குனிந்து பார்த்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்தக் கண்ணுக்குத்தான் இப்போது ஆபத்து. நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து பிடித்து வைத்தால் உண்டு என்று கண் டாக்டர் கையை விரித்திருந்தார். அவள் சரியாகச் சொல்லும்வரை மருந்து வேலை செய்கிறது என்று டிரைவர் நம்பினார். நம்புவதற்கு அவரிடம் வேறு என்ன இருந்தது?

அவளுடைய தையல் மெஷினின் மேல்பலகையைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. இரண்டு பலகையை ஒட்டிப் புதிதாக ஒன்றைச் செய்து இரும்புக் காலில் ஏற்றிவிட்டால் அவள் பழையபடி தைக்க உட்கார்ந்துவிடுவாள் என்பது அவர் கணக்கு. பலகையின் ஓரத்தை ஒட்டி ஒரு பென்சில் கோடு போட்டு வைத்திருந்தார். அதைத் தாண்டி இழைத்தால் அகலம் போதாது, இரும்புக் காலின் திருகாணி பிடிக்காது.

அன்று முதல் தடவை பிடித்துக் காட்டியதுமே "சேந்துருச்சு" என்றாள்.

பசை டப்பாவை எடுக்கத் திரும்பியவர் பலகைக் கோணலைக் கவனித்துவிட்டார். ஓரத்தின் கடைசியில் எலி கடித்த சோப்பு மாதிரி ஒரு பள்ளம். ஒரு ஆணியையே நுழைக்கலாம். பிளேடைத் தாண்டி வரும் பலகையைத் தாங்கும் பின்மேசையை முடுக்க மறந்திருக்கிறார், அது இறங்கிப்போய் பிளேடு பலகையின் வாலைக் கடித்திருக்கிறது. சனியன் பிடித்த மெஷின் என்று முதலில் அதைத்தான் திட்டினார். அப்புறம்தான் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. இவ்வளவு பெரிய பள்ளம் அவளுக்குத் தெரியவில்லையா?

பசை டப்பா திறக்கும் சத்தம் வராதது அவளுக்கு எட்டிவிட்டது.

"இல்லங்க, லேசா கசியுது. நடுவுல" என்றாள்.

நடுவில் ஒன்றுமே இல்லை.

"ஆமாம்மா, பாத்தேன்" என்றார்.

பிளக்கைப் பிடுங்கினார். பின்மேசை மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, பிளேடு அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி ஏற்றி முடுக்கினார். பள்ளம் மறையும்வரை இழைத்தார். சும்மா சொல்லக் கூடாது, அவர் ஆயுசில் அப்படி ஒரு ஓரம் வந்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாது.

கொண்டுபோய்ப் பிடித்தார். அவள் கழுத்தை நீட்டி வெகுநேரம் பார்த்தாள். ஒரு தடவை சேர்ந்துவிட்டது என்று சொல்லி மாட்டிக்கொண்டவள், பாவம், இன்னொரு தடவை சொல்லப் பயந்தாள்.

"கசியுதுங்க."

இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் கண் மங்கிவிட்டதை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்குமே. பட்டறைக்குள் போய் ஜாயின்டரைச் சும்மா ஓடவிட்டார்.

"மரம் படலையே, வெறும் சத்தமால்ல கேக்குது?" என்று அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. காது அப்படி.

"பெல்ட்டு சரியா இருக்கான்னு பாத்தேன்."

வேறு வழியில்லை. நிஜமாகவே தள்ளினார். நல்ல ஓரம் சீவலாகக் காலடியில் விழுந்தது. மறுபடி பிடித்தார். மறுபடி கசிந்தது. மருந்து வேலை செய்யவில்லை, இனி செய்யவும் போவதில்லை என்பது ஒவ்வொரு தள்ளலிலும் அவருக்கு உறைத்தது. பென்சில் கோடு நெருங்கியது. பலகையைத் தள்ளும் கட்டையை வைத்துவிட்டு அந்தக் கோட்டின்மேல் ஒரு தடவை விரலை ஓட்டினார். பிறகு அந்தக் கோட்டையும் இழைத்துத் தள்ளினார்.

"இப்ப சேந்துருச்சு" என்றாள். சொல்லிவிட்டுக் கையை நீட்டி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, பலகைகளின் அகலத்தைச் சாண் போட்டாள். துணி அளந்த கை, அதற்குக் கண் வேண்டாம். இரண்டு சாண் வேண்டிய இடத்தில் இரண்டாவது சாண் முடியுமுன்பே பலகை முடிந்துபோனது.

"ஸ்டாண்டு பிடிக்காதுல்ல?"

"பிடிக்காதும்மா."

"எப்பச் சேந்துச்சு?"

"ரெண்டாவது தடவையே."

"அப்புறம் ஏங்க இழைச்சீங்க?"

"நீ கசியுதுன்னு சொன்னியே."

அவள் முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. அவரும் பலகைகளைப் பிடித்தபடியே நின்றார்.

"கீழ வைங்க" என்றாள். "கை வலிக்கும்."