கன்னியப்பன் கழனியில் நின்றுவிட்ட கேள்வி

1978 புரட்டாசியில் திருப்புலிவனத்துக் கன்னியப்பன் தன் கழனியில் இறங்கிக் கேட்ட ஒரு கேள்வி, காற்றோடு போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஆள் நெற்றி உயரத்தில் இடிக்கும், இடித்ததும் காதில் கேட்கும். குள்ளமானவர்களுக்குக் கொஞ்சம் இறங்கியும் கொடுக்கும். அந்த வருஷம் யூரியாவுக்குத் தட்டுப்பாடு, ஊர்ப் பேச்செல்லாம் அதுதான். அதனால் ஊர் இதைப் பேச ஆரம்பிக்க இரண்டு நாள் ஆயிற்று.

தப்பு கன்னியப்பன்மேல்தான். இந்தப் பக்கத்தில் வடகிழக்குச் சனி மூலையில் முதல் முடி நாற்றை ஊன்றும்வரை கழனிக்குள் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்கு முன்னால் அந்த மூலையில் எதைச் சொன்னாலும் நாற்றுக்கு முந்தி அது வேர்பிடித்துவிடும். இருமல் வந்தால்கூட வரப்பில் ஏறித்தான் இருமுவார்கள். முப்பது வருஷமாக நடுகிறவனுக்கு இது தெரியாதா? ஆனால் அன்று நாற்று முடியோடு குனியப் போனவன் அப்படியே நின்றான். "நட்டு, அறுத்து, துன்னு, மறுபடி நட்டு... இன்னாத்துக்குடா இதெல்லாம்?" என்றான். வீட்டில் சண்டை என்று சிலர் கதை கட்டினார்கள். விசாரித்துப் பார்த்தாயிற்று, சண்டை இல்லை. வெறும் அசதி.

காலையில் மூலையில் மட்டும் இருந்தது, சாயங்காலத்துக்குள் அறுபது சென்டுக்கும் பந்தல் மாதிரி பரவிவிட்டது. மறுநாள் நடவுக்கு வந்த ஒன்பது பெண்களும் நெற்றியில் வாங்கிக்கொண்டு, இன்னாத்துக்கு நடணும் என்று வரப்பேறி உட்கார்ந்தார்கள். மலர்க்கொடிக்கு இருபது வயதில் பழகிய உத்திரமேரூர் டெய்லர் ஞாபகம் வந்து கண் கலங்கிற்று. அது யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். நான்கு தெருவுக்கும் தெரியும்.

அந்த அறுபது சென்ட்தான் கன்னியப்பன் வீட்டு வருஷச் சோறு. நாற்றுக்கு முப்பது நாள் முடிந்திருந்தது. நாற்பது தாண்டினால் நாற்றங்காலிலேயே கணு விட்டுவிடும், அப்புறம் மாட்டுக்குத்தான் ஆகும். அவன் பெண்டாட்டி சொக்கம்மாள், "கேட்ட வாயாலயே வேணாம்னு சொல்லித் தொலையேன்யா" என்று பிடித்துத் தள்ளினாள். அவனும் போய், "கேக்கலன்னு வெச்சிக்க" என்றான். அது அசையவில்லை.

பதில் சொன்னால் போய்விடும் என்று பி.ஏ. படித்த ராஜாராம் ஒரு மணி நேரம் அதற்கு எடுத்துச் சொன்னார். பிறகு அவரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார், இருட்டின பிறகு தம்பி வந்து கூட்டிப்போனான். குருக்கள் வந்து சுலோகம் சொல்லி, தீர்த்தம் தெளித்தார். விவசாய ஆபீசிலிருந்து வந்தவர் நாடா பிடித்து அளந்து, 'இனம் தெரியாத பூச்சி' என்று எழுதிக்கொண்டு போனார். உத்திரமேரூர் உரக்கடை குத்புதீன் பாய் சைக்கிளை நிறுத்தி விஷயத்தைக் கேட்டார். "பதிலு ஆண்டவன்கிட்ட கீது கன்னியப்பா. என்கிட்ட யூரியா வந்துகீது, ரெண்டு மூட்ட எடுத்து வெக்கட்டா?" என்றார். கன்னியப்பன் அழுதான் என்கிறார்கள். அழவில்லை, மூக்கைச் சிந்தினான்.

ஒன்பதாம் நாள், அதுவரை வராதிருந்த எல்லம்மாள், நடவுக் கூட்டத்துக்கு மூத்தவள், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னா கன்னியப்பா, பதிலு கெடச்சுதா?"

"இல்லக்கா."

"கெடைக்காட்டி வயிறு சும்மா இருக்குமா?"

அவன் வரப்பை விட்டு எழுந்தான்.

"சொக்கம்மாள கூழு காச்சச் சொல்லு. பத்து பேருக்கு."

கழனியில் இறங்கினாள். நெற்றியில் இடித்தது. அவள் அவசரப்படவில்லை. மாமியார் திட்டுவதைக் கேட்கிற மருமகள் மாதிரி முழுவதையும் கேட்டு முடித்தாள். இரண்டு பிள்ளைகளை ஏரிக்குக் கொடுத்தவள், அவளுக்குள் அது என்னென்ன சொல்லியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. "நீ கேட்டுக்கினே இரு. எனக்கு நாத்து முத்திப்போவுது" என்றாள். குனிந்தாள். குனிந்தவளின் முதுகுக்கு மேலே அது பாட்டுக்குக் கிடந்தது.

"நிமுந்தா இடிக்குதேக்கா?" என்றாள் மலர்க்கொடி வரப்பிலிருந்து.

"யாருடி உன்ன நிமுரச் சொன்னது? எறங்கு."

பொழுது சாய்வதற்குள் அறுபது சென்டும் நட்டாகிவிட்டது. தையில் பன்னிரண்டு மூட்டை கண்டது. பக்கத்துக் கழனியிலும் அதே பன்னிரண்டு. கேள்வியால் ஒரு மரக்கால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எல்லம்மாள் எண்பதாம் வருஷம் செத்துப்போனாள். எண்பத்து மூன்றில் ஏரி வறண்டது, நடவே இல்லை. அந்தக் கோடையில் கன்னியப்பன் மட்டும் சாயங்காலங்களில் வெடித்த கழனிக்குள் போய் நிமிர்ந்து நின்றுவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு திரும்புவான். "இன்னா சொல்லுது?" என்று வழியில் கேட்டால், "இன்னா சொல்லும், அதேதான்" என்பான்.

மறுவருஷம் மழை பெய்தது, நட்டார்கள். வரப்பு ஓரமாக அந்தக் கேள்வி கொஞ்சம் தாழ்ந்து வருகிற இடத்தில்தான் இப்போது நடவுக்காரிகள் கஞ்சித் தூக்கை அதில் மாட்டிவிட்டு இறங்குகிறார்கள். எறும்பு ஏறுவதில்லை.