நெகிழி நேரம்

விரலை வைத்ததும் வருகைப்பதிவு இயந்திரம் 9.40 என்று சிவப்பில் காட்டிக் கூவியது. ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்க அதற்கு யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ!

அச்சகத்தில் பிழை திருத்தும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கவாதத்தில் விழுந்த கணவனுக்கு எட்டரை மணிக்குக் கைப்பயிற்சி. பயிற்சியாளரிடம் வேறு நேரம் கிடையாது. ஒன்பதுக்கு முடித்து, அவரை வீட்டில் படுக்கவைத்துவிட்டு இதைவிடச் சீக்கிரம் வர இறக்கைதான் முளைக்கவேண்டும். இன்றுதான் அவர் விரல்கள் முதன்முறையாக டம்ளரை வளைத்துப் பிடித்தன. பார்த்துச் சிரிக்கக்கூட நேரமில்லாமல், அதைப் பிடுங்கி வைத்துவிட்டு ஓடிவந்திருந்தாள்.

இன்னொரு சிவப்பு விழுந்தால் பயிற்சியா வேலையா என்று முடிவுசெய்யச் சொல்லியிருந்தார் மேலாளர். ஒன்பதேகாலுக்கு மேல் ஒரு நிமிடமும் பொறுக்காத அவருக்குப் பட்டப்பெயரே ‘ஒன்பதேகால்’.

பலகையில் புதிய அறிவிப்பு: ‘ஊழியர் நலனே நம் நலன். நாளை முதல் நெகிழி நேரம்; அவரவர் வசதிப்படி வந்து போகலாம். வேண்டுவோர் இன்று காலை ஒன்பது முதல் ஒன்பதேகாலுக்குள் நேரில் விண்ணப்பிக்கவும்.’

அந்தத் தாளைப் பலகையிலிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், விண்ணப்பம் வேணும்.”

“நேரம் முடிஞ்சுபோச்சேம்மா.”

“ஒன்பதுக்கு வர முடிஞ்சா நான் ஏன் சார் இதைக் கேக்கப்போறேன்? நீச்சல் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் படகுங்கற கதையால்ல இருக்கு!”

“எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு வேணாமா? நேத்து இதைச் சரிபாக்க ஒன்பதுக்கு உங்களைத் தேடினேன். ஆளைக் காணோம். நானே எட்டுக் கிளைக்கும் அனுப்பிட்டேன்.”

அவள் சிவப்புப் பென்சிலால் ஒரு சொல்லைச் சுழித்து நீட்டினாள். அவர் முகம் சுண்டியது.

“நெகிழ்வு நேரம்னுதானே... ஐயையோ, நெகிழின்னா பிளாஸ்டிக்ல?”

வெளியே இயந்திரக்கூடத்தில் யாரோ கத்தினார்கள். “அண்ணே, பிளாஸ்டிக் டைம் ஆயிருச்சு, டீ குடிக்க வாங்க!” சிரிப்பு கதவைத் தாண்டி வந்தது.

“நாப்பது நிமிஷம் பொறுத்திருந்தா நான் பாத்திருப்பேன் சார். சாயந்தரம் நாப்பது நிமிஷம் கூடவும் இருந்திருப்பேன். பிளாஸ்டிக்காவது சூடு பட்டா வளையும்.”

அவர் அந்தச் சிவப்புச் சுழியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து, தானே கையெழுத்துப் போட்டார்.

“நாளையிலேர்ந்து பத்து மணிக்கு வாங்கம்மா. நீங்க எத்தனை மணிக்கு வர்றீங்கன்னு மட்டுந்தான் பாத்துட்டிருந்தேன். வந்து என்ன செய்யறீங்கன்னு பாக்கலை.”

“நேரத்தை எப்படி வேணா வளைக்கலாம் சார்,” என்றாள் அவள், படிவத்தை மடித்தபடி. “மனுஷங்களை வளைச்சா ஒடிஞ்சுதான் போவாங்க.”