பாராசூட் மடித்த அறை

பழைய விமானத்தளத்தை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள் என்ற செய்தியை மருமகள்தான் கொண்டுவந்தாள். போய்ப் பார்க்கலாமா என்று அவள் வாயெடுத்த மாத்திரத்தில் மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். போர்க்காலத்தில் அவர் அங்கே நாலு வருஷம் வேலை பார்த்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ஏதோ தையல் வேலை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

வரிசையாக நின்ற விமானங்களை மாமியார் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விடுவிடுவென்று பின்பக்கத்து நீண்ட அறைக்குப் போய்விட்டார். கூரையை ஒட்டி ஜன்னல்கள், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரே மேஜை. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. பட்டுத்துணியின் அந்த வாடைதான் இல்லை.

இங்கேதான் ஆறு பெண்கள் பாராசூட் மடித்தோம் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. மோதிரம் போடக் கூடாது, நகம் வளர்க்கக் கூடாது. ஒரு கயிறு முறுக்கிக்கொண்டால் ஓர் உயிர் போச்சு. மடித்து முடித்ததும் அதோடு வைக்கிற சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு பேரில் ஒருத்திக்குப் பெயரே தீக்குச்சிதான். அவ்வளவு ஒல்லி. மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் அவரைப் போலவே நடந்துகாட்டி எல்லோர் வயிற்றையும் புண்ணாக்குவாள். வாய் ஓயாது.

சுவரில் ஒரு பாராசூட் தொங்கியது. எரிந்த விமானத்திலிருந்து குதித்த விமானியைக் காப்பாற்றியது, மடித்தவர் யாரென்று தெரியவில்லை என்று கீழே பலகையில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் அந்தச் சீட்டு. மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"தெரியலையாமே. இது தீக்குச்சி கையெழுத்து. கோழி கிளறின மாதிரிதான் போடுவா."

அந்தச் சீட்டோடு ஓர் அதிகாரி வந்து, இதை மடித்தது யார் என்று கேட்ட நாளை அவர் சொன்னார். ஏதோ தப்பாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான்தான் என்று கையைத் தூக்கிய தீக்குச்சி முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரிக்குப் பின்னால் தடியூன்றிக்கொண்டு ஒரு விமானி வந்தான். மீசை சரியாக அரும்பாத முகம். அந்தப் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தவன் அவன்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"அன்னிக்கு முழுக்க அவ வாயே திறக்கல. வரிசையா மடிச்சிக்கிட்டே இருந்தா."

மருமகள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏன் அத்தை இதெல்லாம் எங்ககிட்ட சொன்னதே இல்ல?"

"நீங்க யாரும் கேக்கலையேம்மா."

மருமகள் ஓடிப்போய் அருங்காட்சியகக் காப்பாளரை அழைத்துவந்தாள். அவர் தீக்குச்சியின் முழுப்பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டு, இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தார். போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தாள் என்றார் மாமியார். பிறகு காப்பாளர் பலகையிலிருந்த கடைசி வரியை அடித்துவிட்டு, பென்சிலால் அந்தப் பெயரை எழுதினார். மாமியார் நின்று ஒரு தடவை படித்தார். எழுத்துப் பிழை இல்லை என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மருமகள் மற்ற நாலு பேரைப் பற்றிக் கேட்டாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது இருவருக்கும் தெரியவில்லை.