ஜேபஸ் ஹார்க்கரின் ரத்தம்

ரொவீனாவின் வலது கட்டைவிரல் கொஞ்ச நாளாக அவள் பேச்சைக் கேட்கவில்லை. சும்மா இருக்கும்போதே துள்ளியது. வெறும் களைப்பு என்றான் கணவன் கிளெம்.

கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசிய தூரத்து உறவுக்காரி சொன்னது வேறு. யார்க்ஷயர் கரையில் வாழ்ந்த ஜேபஸ் ஹார்க்கரின் வம்சத்தில் நாற்பதைத் தாண்டினால் கைகால் தானாக ஆடுமாம், புத்தி பேதலிக்குமாம். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் நோய். மருந்து கிடையாது.

ரொவீனாவின் கொள்ளுத்தாத்தா ஏமோஸ், அந்த ஜேபஸின் மகன். ஏமோஸ், அவர் மகன், பேரனான ரொவீனாவின் அப்பா மூவரும் இளவயதிலேயே மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போனவர்கள். நோய் தலைகாட்டும் வயதுவரை ஒருவரும் இருக்கவில்லை. இப்போது ரொவீனாவின் மகள் பிரையனி ஐந்து மாதக் கர்ப்பிணி.

ஆவணக் காப்பகத்தில் கிளெம்மைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொவீனா திரைக்கருவியின் கைப்பிடியைச் சுற்றினாள். தேவாலயப் பதிவேட்டின் படச்சுருள் திரையில் ஓடியது. ஞானஸ்நானப் பக்கத்தில் ஏமோஸ் அகப்பட்டான். தாய் கெசாயா. தகப்பன் பெயர் இல்லை. ‘முறைதவறிப் பிறந்தவன்’ என்று பாதிரியார் எழுதியிருந்தார். ஜேபஸ் அந்த ஊருக்கு வந்து கெசாயாவை மணந்ததே அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் ஏமோஸ் ஜேபஸின் ரத்தமில்லை. ரொவீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“கொள்ளுத்தாத்தா தப்புத்தண்டாவுல பொறந்தான்னு சந்தோஷப்படற மொத ஆளு நீதான்,” என்று கிசுகிசுத்தான் கிளெம்.

அவள் அவசரமாகச் சுருளைத் திருப்பிச் சுற்றத் தொடங்கினாள். கிளெம்மின் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஊராருக்கெல்லாம் பூர்வீகம் தேடிக் கொடுக்கிறவள் அவள். ஞானஸ்நானம் கிடைத்த கையோடு செத்தவர்களின் அடக்கப் பதிவையும் பார்க்காமல் எழுந்ததில்லை.

“ரோ, அடக்கப் பக்கம் பாக்கலியே?”

“வேணாம்.”

“ஏன்?”

ஏன் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு குழந்தை செத்தால் அடுத்ததற்கும் அதே பெயரை வைப்பார்கள். இதில் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள், அவளே எச்சரித்திருக்கிறாள்.

கைப்பிடியை மறுபடி முன்னால் சுற்றினாள். அடக்கப் பக்கங்கள் வந்தன. ஏமோஸ், கெசாயாவின் மகன், கைக்குழந்தை.

அதற்குமேல் தேட அவளால் முடியவில்லை. கிளெம்தான் சுற்றினான். திருமணத்துக்கு அடுத்த வருடத்து ஞானஸ்நானம்: ஏமோஸ், ஜேபஸ் ஹார்க்கருக்கும் கெசாயாவுக்கும் பிறந்த மகன்.

கிளெம் திரையின் விளக்கை அணைத்தான்.

“மொதல்ல ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோ. அப்பறம் பிரையனிகிட்ட சொல்லிக்கலாம்.”

“அதுக்குள்ள அவளுக்கு மாசம் ஏறிடும். என்ன செய்யணும்னு அவதான் முடிவு பண்ணணும். இன்னிக்கே போலாம்.”

எழுந்து நின்றாள். கால் நகரவில்லை. நோயா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.