பின்னாலிருந்த துடுப்பு

மூக்கு எப்படி இருந்தது அவனுக்கு? நீளமா, நுனியில் கொஞ்சம் மழுங்கினாற்போலவா? கண்ணாடி போட்டிருந்தானா? புகைப்படத்தில் போட்டிருந்தான், அது நிச்சயம். ஆனால் இன்றைக்கு, எங்கள் வீட்டு மாடிப்படியின் அடியில் அந்த மஞ்சள் கயாக் படகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றானே, அப்போது?

அனன்யாவுக்கு நினைவு வரவில்லை. திரும்பிப் பார்த்துவிடலாம் என்றால் கயாக் ஆடும். ஏறும்போதே அவன் சொல்லியிருந்தான்: "பின்னால திரும்பாதீங்கோ. நேரா பாத்துண்டு துடுப்பு போட்டா போறும். மீதிய நான் பாத்துக்கறேன்." காலை எங்கே வைப்பது, துப்பட்டாவை எங்கே செருகுவது என்கிற பதற்றத்தில் அவள் தண்ணீரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தவனின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே அவனோடு கிளம்பி வந்தாயிற்று. மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

மழை முந்தின நாளே நின்றுவிட்டது. ஆனால் பக்கிங்ஹாம் கால்வாய் மந்தைவெளித் தெருக்களுக்குள் வந்து உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், போகவில்லை. பிள்ளை ஸ்ரீவத்சன் புதன்கிழமை டொரன்டோ திரும்ப வேண்டும். பார்க்கிற சடங்கைத் தள்ளிப்போட முடியாது. ராஜா அண்ணாமலைபுரத்தில் நாலாவது மாடியில் இருக்கும் அவன் அப்பா அம்மா இறங்கி வரவும் முடியாது. அவன்தான் வழி கண்டுபிடித்தான். முட்டுக்காட்டில் சனி ஞாயிறுகளில் ஓட்டிப் பழகிய கயாக் ஒன்று அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் கிடந்தது. "நான் வந்து அழைச்சுண்டு போறேன், கொண்டு வந்து விட்டுடறேன்" என்று ஃபோனில் சொன்னான்.

"பொண்ணு போய் பிள்ளையாத்துல நிக்கறதாவது! லோகத்துல எங்கயாவது உண்டா?" என்றாள் அம்மா.

"லோகமே தண்ணியிலன்னா இருக்கு, அக்கா" என்றார் கிச்சா மாமா. இந்த ஜாதகத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். "அந்தக் காலத்துல குதிரையில வந்து தூக்கிண்டு போவா. இவன் பிளாஸ்டிக் போட்ல வரான், அவ்வளவுதானே? ரெண்டு பேருக்குத்தான் இடமாம். இல்லேன்னா துணைக்கு நானே போயிருப்பேன்."

"நீ ஏறினா அதுக்குப் பேர் போட் இல்லடா, நீர்மூழ்கி."

அப்பா சிரித்தார். அம்மா சமையலறைக்குப் போய்ச் சொஜ்ஜி கிளறினாள். பஜ்ஜி நமத்துப்போகும், சொஜ்ஜியாவது நம்மாத்துலேர்ந்து போகட்டும் என்று எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அது இப்போது அனன்யாவின் கால்களுக்கிடையில் வெதுவெதுவென்று இருந்தது.

தெரு தெருவாக இல்லை. பிறந்ததிலிருந்து நடந்த தெருதான். ஆனால் இந்த உயரத்திலிருந்து அதைப் பார்த்ததில்லை. காம்பவுண்ட் சுவர்களுக்கு மேலே தலை நீட்டும் காகிதப்பூக்கள் கை எட்டும் தூரத்தில் இருந்தன. கார்களின் கூரைகள் மட்டும் ஈரமாய் மினுக்கின. இஸ்திரி வண்டி எங்கே நிற்கும், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? ஒற்றைச் செருப்பு ஒன்று அவர்களோடு கொஞ்ச தூரம் வந்துவிட்டு எங்கோ திரும்பிப் போயிற்று. கால்வாய் எங்கே முடிந்து தெரு எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"டொரன்டோல சவுண்ட் இன்ஜினியர்ஸுக்கு நல்ல வேலையெல்லாம் இருக்கு" என்றது பின்னாலிருந்து குரல். "ரெண்டு ஸ்டுடியோல விசாரிச்சு வெச்சிருக்கேன்."

"ஓ" என்றாள்.

கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் அவள் வேலை பார்க்கிறாள். எவருடைய குரலையோ எவருடைய வாயிலோ பொருத்துவது. குரலை மட்டும் கேட்டு ஆளைச் சொல்லிவிடுவாள் என்று அங்கே அவளுக்குப் பெயர். இது மென்மையான குரல், வாக்கிய முடிவில் தணிந்துபோகிற குரல். யாரும் இதை வில்லனுக்குப் போட மாட்டார்கள். நான் வேலைக்குப் போவேனா மாட்டேனா என்று கேட்பதற்கு முன்பே எனக்காக விசாரித்து வைத்திருக்கிறான். இது பிரியமா? பிரியமாகத்தான் இருக்க வேண்டும். வேறு என்னவாக இருக்க முடியும்? அப்படியென்றால் ஏன் அதில் சந்தோஷப்பட முடியவில்லை?

துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கயாக் அதே வேகத்தில் போயிற்று.

வலியுல்லா மளிகைக் கடையின் பெயர்ப்பலகையைத் தாண்டியதும் இடதுபுறம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு வந்தது. தரைத்தள வீடுகளுக்குள்ளெல்லாம் தண்ணீர். முதல் மாடி நடையில் ஒரு பெண் கயிறு கட்டிய வாளியைத் தொங்கவிட்டபடி நின்றாள். அனன்யாவுக்கு அவளைத் தெரியும். தெருமுனையில் மீன் கூடையோடு உட்காருகிற பச்சையம்மா. தினமும் அவளைக் கடக்கும்போது அனன்யா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். முகத்தை நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இன்னாம்மா, கவர்மென்ட்டு போட்டா? பால் கீதா?"

ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"இல்லம்மா, நாங்க சும்மா..." என்று ஆரம்பித்த அனன்யாவுக்கு எப்படி முடிப்பதென்று தெரியவில்லை.

"சும்மாவா! ஊரே முழுவிக்கினு கீது, நீங்க சோடியா ஊர்கோலம் போய்க்கினு கீறீங்களா? சூப்பரு!"

பக்கத்து வாசலில் யாரோ சிரித்தார்கள். பச்சையம்மாவும் சிரித்தாள். பிறகு வாளியை லேசாக ஆட்டிக் காட்டினாள். "துன்றதுக்கு எதுனா கீதாம்மா? சின்னவன் காலையிலேர்ந்து வெறும் பிஸ்கோத்துதான் துண்ணுகினு கீறான்."

சொஜ்ஜி. அனன்யா கால்களுக்கிடையில் இருந்த பையைப் பார்த்தாள். "அங்க போலாமா?" என்றாள் பின்னால் திரும்பாமல்.

"ம்... ட்ரை பண்ணுங்கோ. ரைட்ல நன்னா இழுங்கோ, லெஃப்ட்ல திரும்பும்."

இழுத்தாள். கயாக்கின் மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிற்று, பிறகு தானாகவே நேரானது. மறுபடி இழுத்தாள். மறுபடி நேரானது.

"தண்ணி இழுக்கறது, அனன்யா. கால்வாய் பக்கம் கரன்ட் ஜாஸ்தி."

தோள்பட்டை வலித்தது. ஜாக்கெட்டுக்குள் வேர்த்தது. வாளி அந்தரத்தில் நின்றது. ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சின்ன விஷயத்தைக்கூடச் செய்ய முடியவில்லையே என்று அவமானமாக இருந்தது. பலமெல்லாம் சேர்த்து இழுத்தாள். கயாக் நிதானமாக வலப்பக்கம் போயிற்று.

"பரவால்ல, விட்டுடுங்கோ. நீங்க என்ன பண்ணுவேள் பாவம்."

மேலேயிருந்து பச்சையம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "ஏம்மா! நீ எம்மாம் இய்த்தாலும் வராது. பின்னாடி உன் ஊட்டுக்காரரு துடுப்ப தண்ணில உட்டு அந்தாண்ட திருப்பிக்கினு கீறாரு. மொதல்ல ரெண்டு பேரும் பேசி வச்சுக்கினு வாங்க!"

அனன்யா திரும்பினாள். கயாக் ஆடிற்று. அவனுடைய துடுப்பு வலப்பக்கம் தண்ணீருக்குள் அசையாமல் இறங்கி நின்றது. அவள் பார்த்ததும் அதை மெதுவாக வெளியே எடுத்தான். நீர் சொட்டிற்று. முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இத்தனை நேரம் நினைத்துக்கொண்டிருந்தவள், கடைசியில் அந்தக் கையை மட்டும்தான் பார்த்தாள்.

"சாரி" என்றான். "அங்க தண்ணிக்கு அடியில காம்பவுண்ட் சுவர் இருக்கு. மேல ஈட்டிக் கம்பி. வரச்சே நானே தட்டிண்டேன். கிழிச்சா ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளதான்."

"அத சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பயப்படுவேள். இன்னிக்குன்னு பாத்து உங்கள பயமுறுத்தணுமா?"

அவள் துடுப்பைத் திருப்பி இடப்பக்கம் எட்டி இறக்கினாள். டக். இரும்பு. கொஞ்சம் நகர்த்தினாள். இன்னொரு டக். அவன் சொன்னது உண்மை. அப்படியானால் கோபப்பட என்ன இருக்கிறது? தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஆனால் கோபம் இருந்தது. இல்லை, கோபம்கூட இல்லை. பெயர் தெரியாத ஏதோ ஒன்று.

"இந்தப் பக்கம் கம்பி இருக்கும்மா, வர முடியாது" என்று அவன் மேலே பார்த்துச் சொன்னான். "ரிலீஃப் போட்டுக்கு நான் ஃபோன் பண்ணிச் சொல்றேன்." உடனே எடுத்துப் பேசவும் செய்தான். பொறுமையாக, குடியிருப்பின் அடையாளம் சொல்லி, குழந்தை இருக்கிறது என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னான்.

"கம்பி கீதுன்னு எனக்குத் தெரியாதா, நைனா? சுத்திக்கினு ரோட்டாண்ட வா. அங்க முட்டி தண்ணிதான், படிக்கட்டு கீது."

"திரும்பி வரச்சே பாக்கலாம்" என்றான் அவன் அனன்யாவிடம், தணிந்த குரலில். "அம்மா மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பிண்டிருக்கா."

கயாக் நகர்ந்தது. வாளி மேலே போயிற்று.

அவள் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும்போது அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. ஆடிட்டுக்கு தில்லி போயிருக்கிறார் என்று வீட்டில் சொன்னார்கள். தில்லியில் குளிராமே என்று அவள் கேட்க, அம்மா ஆமாம் என்றாள். பரீட்சை முடிந்த அன்று மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். நல்ல மதிப்பெண்கள் வந்தன. அப்பாவும் பிழைத்துவிட்டார். எல்லோரும் அவளுடைய நல்லதுக்காகத்தான் செய்தார்கள், நல்லதாகவும்தான் முடிந்தது. அந்த நாட்களில் தான் சாப்பிட்டது, சிரித்தது, சினேகிதியோடு பாண்டிபஜாரில் வளையல் பார்த்தது எல்லாம் இன்றைக்கும் யாரோ வேறு பெண் செய்ததுபோலத் தோன்றும். அதற்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. யாரிடமும் கேட்டதுமில்லை.

அடிப்பாகம் கரகரவென்று தரையில் உரசிற்று. மேடான சாலைக்கு வந்திருந்தார்கள். இதைக் கடந்துவிட்டால் அந்தப் பக்கம் மறுபடி ஆழம், அதன் முடிவில் அவன் வீடு. இருவரும் இறங்கினார்கள். தண்ணீர் முழங்கால் வரைக்கும்தான். தரை உறுதியாக இருந்தது. அவளுடைய கால்களுக்கு அது வினோதமாக இருந்தது.

முன்பக்கக் கைப்பிடியை அவளும் பின்பக்கத்தை அவனுமாகக் கயாக்கை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். அந்தக் கரையில் அதைத் தண்ணீரில் விட்டு, அவன் பிடித்துக்கொண்டான்.

"கோச்சுண்டுட்டேளா?"

"இல்ல." அது பொய்யா என்று யோசித்தாள். இல்லை என்றே பட்டது. "ஒண்ணு கேக்கட்டுமா? நான் துடுப்பே போடலேன்னாலும் இது இவ்வளவு தூரம் வந்திருக்கும், இல்லையா?"

அவன் சிரித்தான். கேலி இல்லை அதில். "வந்திருக்கும். அதுக்கென்ன? நான்தான் இருக்கேனே."

இப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். கண்ணாடி போட்டிருந்தான். அதில் நீர்த்துளிகள். மூக்கு நேராக இருந்தது. நல்ல முகம். கிச்சா மாமா சொன்னதில் எதுவும் மிகை இல்லை. இந்த முகத்தில் பிழையென்று விரல் வைக்க ஓர் இடமாவது கிடைத்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும். அம்மாவிடம் சொல்வதற்கு ஆகும். தனக்கே சொல்லிக்கொள்வதற்கும்.

அவன் ஃபோன் மினுங்கிற்று. பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டான். "மறுபடியும் அம்மாதான். அங்க போய் எல்லாரும் உக்காந்து கேக்கறதுக்கு முன்னாடி... ரெண்டு பேருக்கும் சரின்னு நானே சொல்லிடட்டுமா, அனன்யா? உங்களுக்கும் ஈஸியா இருக்கும்." கயாக்கை அவள் பக்கமாகத் திருப்பி, ஆடாமல் முழங்காலால் அணைத்துப் பிடித்தான். "ஏறுங்கோ. முன்னாலயே உக்காருங்கோ, வியூ நன்னாருக்கும்."

அவள் குனிந்து முன்னிருக்கையில் கால் வைக்கும் இடத்திலிருந்து சொஜ்ஜிப் பையை எடுத்தாள். டப்பாவில் இன்னும் சூடு இருந்தது. சாலை திரும்பும் இடத்தில் பச்சையம்மாவின் குடியிருப்புப் பக்கச்சுவர் தெரிந்தது. அதன் ஓரத்தில் தண்ணீரிலிருந்து மேலேறிப் போகும் படிக்கட்டும் தெரிந்தது. இந்த முட்டளவு தண்ணீரில் எங்கே பள்ளம், எங்கே மூடியில்லாத சாக்கடை என்று அவளுக்குத் தெரியாது. காலால் தடவித்தான் போக வேண்டும்.

"என்ன, மறந்து வெச்சுட்டு வந்துட்டேளா ஏதாவது?"

"இல்ல. நான் நடந்து போறேன்."

"நடந்தா? எங்காத்துக்கா? அந்தப் பக்கம் ஆள் முழுகற தண்ணி, அனன்யா."

"உங்காத்துக்கு இல்ல."

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அவன் முகம் சின்னப் பையனுடையதைப்போல ஆனதைப் பார்த்து அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தமும் உண்மை. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"சுவர் விஷயத்துக்கா? அத சொல்லாததுக்கா? நல்லதுக்குத்தானே பண்ணினேன்."

"தெரியும்."

"பின்ன என்னன்னு நான் அவாகிட்ட சொல்லட்டும்?"

"எனக்கே சரியாத் தெரியல" என்றாள். இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் அது அழகாகிவிடும், அழகானால் பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

அவன் கயாக்கைப் பிடித்தபடியே இருந்தான். "மொதல்ல ஏறுங்கோ. ஆத்துல கொண்டு விட்டுடறேன். அப்புறம் பேசிக்கலாம். ஏறுங்கோ, ப்ளீஸ்."

அவள் கயாக்குக்குள் கிடந்த தன் துடுப்பை எடுத்து அவன் பக்கமாக நீட்டினாள்.

"வேண்டாம்" என்றாள்.